மூன்று ஓம்

டெல்பின் துபாய் போகும்போது
ஆயிரத்து எண்ணூறுக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போன ஆம்ப்.
பத்து வாட் என்று முதுகில் ஒட்டியிருக்கிறது.
பொய்யாக இருக்கலாம்.
கம்பெனிப் பெயரில் இரண்டு எழுத்து உதிர்ந்துபோய்
மிச்சத்தை எந்த மொழியிலும் வாசிக்க முடியாது.

வால்யூம் நாலைத் தாண்டினால்
தகரத்தில் ஆணி இழுத்த சத்தம்.
நாலுக்குக் கீழே
தீப்பெட்டிக்குள் மாட்டிய பொன்வண்டு.

பகலில் எனக்குக் கழனிவாசல் பக்கம்
மோட்டார் வைண்டிங் வேலை.
கருகிய செம்பை உருவிப் போட்டு
புதுக்கம்பி சுற்றி வார்னிஷில் முக்கி எடுக்கிறவள்.
பெட்டியைத் திறக்கப் பயமில்லை.
திறந்த பிறகுதான்.
உள்ளே ஒன்றுமே இல்லை!
பிஸ்கட் அளவில் ஒரு போர்டு,
காபி டம்ளர் வாயகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர்,
மற்றதெல்லாம் காற்று.

முதலில் இரண்டு டயோடைப் பிடுங்கிவிட்டு
சிவப்பு எல்ஈடி இரண்டை வைத்தேன்.
ஓங்கி அடித்தால் மட்டும் உள்ளே கண் சிவக்கும்.
வருடினால் இருட்டு.
பவர் கெப்பாசிட்டரைக் கழற்றி
கட்டைவிரல் பருமனில் பெரியது ஒன்று.
ஸ்பீக்கருக்குத்தான் அலைந்தேன்.

பீர்முகம்மது அண்ணன் பழம்பொருள் கடையில்
தேக்குப் பெட்டி வால்வு ரேடியோ.
"பொட்டிக்கு ஆள் இருக்கு தங்கச்சி,
குடலத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறாக."
குடலை நான் கேட்டேன்.
எட்டு அங்குலம், ஓரத்தில் எலி கடித்த காகிதக் கூம்பு.
முந்நூற்றைம்பதில் தொடங்கி
இருநூறும், அவர் வீட்டு மிக்சிக்கு ஓசியில் வைண்டிங்கும்
என்று முடிந்தது.

டிஷ்யூ தாளும் ஃபெவிகாலும் வைத்து
கூம்பை ஒட்டிவிட்டு மீட்டரைப் பிடித்தேன்.
மூன்று ஓம்.
சிப்புக்கு நாலாவது வேண்டும்.
ஒரு ஓம் குறைந்தால் என்ன நடக்கும் என்று
எரிந்த பம்புகள் எனக்குச் சொல்லியிருக்கின்றன.
ஆகவே வரிசையில் ஒரு ஓம், வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர்.
சிப் சுடாதிருக்க அதன் முதுகில்
டிபன் கேரியர் மூடியில் அறுத்த அலுமினியத் துண்டு.
மூன்று நாள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.
நாலாம் நாள்
சட்டையெல்லாம் ரசமாக வந்து நின்றார் அவர்.

பம்பு வந்த பலகைப் பெட்டிதான் புது உடம்பு.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு
இப்போது தரையைக் காட்டுகிறது.
முதல் ஈ மைனர்.
தொண்டையில் வெல்லம் கரைவதுபோல் இறங்கியது.
ஆனால் அடியில் ஒரு
ம்ம்ம்.
நொடிக்கு ஐம்பது தடவை
மின்வாரியம் என் அறைக்குள் முனகியது.
எர்த் பார்த்தேன், கம்பியை முறுக்கினேன்,
ஃபாயில் சுற்றினேன். போகவில்லை.

கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட ஒரு வீடு.
சனிக்கிழமை இரவு வாசித்தால் ஆயிரம், சாப்பாடு.
பட்டாலை மூலையில் அந்த ரேடியோ!
பாலிஷ் ஏறி, உள்ளே மஞ்சள் பல்பு எரிய,
தலையில் மெனு அட்டைகளுடன்.
பக்கவாட்டில் ஆணியால் கீறிய மு.ராம. என்ற இனிஷியல்
எனக்கு நன்றாகத் தெரியும்.
ஆம்பை அதன் பக்கத்தில்தான் வைத்தேன்.
பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது.

மேனேஜர் வள்ளிக்கண்ணன் இரண்டு முறை வந்தார்.
"கெஸ்ட் சாப்பிடறாங்க, கொஞ்சம் குறைங்க."
இரண்டில் வைத்தால்
பாட்டைவிட முனகல் பெரியது.
எல்ஈடி எரியவே இல்லை.
பப்படம் உடைகிற சத்தம்கூட என்னைத் தாண்டியது.

எட்டே காலுக்குக் கரண்ட் போனது.
நான் அப்போதுதான் ஒரு கம்பியை இழுத்து விட்டிருந்தேன்.
பல்பு செத்தது, ஃபேன் செத்தது,
முனகலும் சேர்ந்து செத்தது.
பெரிய கெப்பாசிட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு
அந்த ஒரு ஸ்வரம் மட்டும்
இருட்டில், தூண்களுக்கு நடுவே,
சுத்தமாக,
ஒன்றரை நொடி இருக்கும்,
தேய்ந்து தேய்ந்து வளவு வரை போய் நின்றது.
கரண்டிகள் நின்றிருந்தன.

செல்போன் வெளிச்சத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து வந்து
ரேடியோ பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.
காதை வைத்தும் கேட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் ஜெனரேட்டர் இருமியது.
ம்ம்ம்.